உணவைக் குறைத்தும் குறையாத சர்க்கரை: ஓர் உணவியல் ஆலோசனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் இடம்பெறுபவர் 46 வயதுப் பெண். அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர்; ஏழு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவும், மூன்று ஆண்டுகளாகத் தைராய்டு சுரப்புக் குறைபாடும் உடையவர். அவர் உணவியல் ஆலோசனைக்கு வந்த நாளிலிருந்து ஒன்பது மாதங்கள் வரை நடந்தவற்றை, அவருடைய அனுமதியுடன், ஆள் அடையாளம் தெரியாதபடி இங்கே பதிவு செய்கிறேன்.

அவரை அனுப்பிய மருத்துவரின் குறிப்பு இரண்டே வரியில் இருந்தது: சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை, உணவுக் கட்டுப்பாடு தேவை. கூடவே இருந்த பரிசோதனை அறிக்கைகள் அதைவிட அதிகமாகப் பேசின. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 சதவீதம். ஹீமோகுளோபின் 10.1 கிராம், இரும்புச்சத்து மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆன பிறகும் அது 10.3-ஐத் தாண்டவில்லை. தைராய்டு மாத்திரையின் அளவை 50 மைக்ரோகிராமிலிருந்து 75-க்கும், பிறகு 100-க்கும் உயர்த்தியிருந்தும் தைராய்டு சுரப்பு போதாதபோது உயரும் டிஎஸ்எச் அளவு 9.2-இலேயே நின்றது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் காலையும் இரவும், கிளிமெபிரைடு 2 மில்லிகிராம் காலையில் மட்டும். அடுத்த கட்டமாகக் கிளிமெபிரைடின் அளவை இரட்டிப்பாக்குவது, அதுவும் பயன் தராவிட்டால் இன்சுலின் தொடங்குவது என்ற யோசனையில் மருத்துவர் இருந்தார்.

மூன்று நோய்களுக்கு நான்கு மருந்துகள் தரப்பட்டிருந்தன. எதுவுமே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஒரு மருந்து பலிக்காமல் போவது வழக்கமாக நடப்பதுதான். ஒருவருக்கு எதுவுமே பலிக்கவில்லை என்றால், மருந்து உடலுக்குள் போகும் விதத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதல் சந்திப்பில் கவனித்தவை

வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: “நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான் மேடம். இதற்குமேல் எதைக் குறைக்கச் சொல்லப் போகிறீர்கள்?” களைப்பு, முடி கொட்டுதல், மூட்டுவலி, முற்பகலில் வரும் படபடப்பு, வியர்வை எனத் தொல்லைகளை வரிசையாகச் சொன்னார். படபடப்பையும் வியர்வையையும் மாதவிடாய் நிற்கும் வயதின் அறிகுறிகள் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். மாதவிடாயில் இரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கு அதிகமாக இருப்பதைக் கேட்ட பிறகே சொன்னார். அதையும் வயதின் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தார்.

அவரிடம் மூன்று உணவுப் பட்டியல்கள் இருந்தன. உறவினர் கொடுத்த பட்டியல் பழங்களை முற்றிலும் விலக்கியது. காணொளி ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டது காலை உணவைக் கைவிடச் சொன்னது. எங்கோ கிடைத்த நகலெடுத்த தாள் இரவில் தானியமே கூடாது என்றது. மூன்றையும் ஒன்றாகக் கடைப்பிடிக்க முயன்றதில், காலையில் பால் காபி, மதியம் ஒரு மணிக்குச் சிறிதளவு சாப்பாடு என்று பகல் பொழுதைக் கழித்தார். இரவு எட்டரை மணிக்கு மேல் பசி அடக்க முடியாமல் போய், பட்டியல் சொன்னதற்கு நேர்மாறாக, தட்டு நிறையத் தானிய உணவைச் சாப்பிட்டார். அதை அவர் முதலில் சொல்லவில்லை. “நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாயில் போட்டது ஒவ்வொன்றையும் நேரத்தோடு சொல்லுங்கள்” என்று கேட்டு, நடுவில் குறுக்கிடாமல் காத்திருந்தபோது தயங்கித் தயங்கி வெளிவந்தது. நோயாளி தன்மீதே குற்றம் சுமத்திக்கொண்டிருக்கும்போது, கேட்பவர் முகத்தில் துளி ஏமாற்றம் தெரிந்தாலும் மீதிக் கதை உள்ளேயே தங்கிவிடும்.

பிறகு, தினமும் உட்கொள்ளும் மாத்திரைகளை மேசைமேல் எடுத்துவைக்கச் சொன்னேன். கைப்பையிலிருந்து ஏழு நாள் மாத்திரைப் பெட்டி வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் காலை, மதியம், இரவு என மூன்று அறைகள் கொண்ட பெட்டி அது. மதிய அறைகள் எல்லாமே காலி. இரவு அறைகளில் ஒற்றை மாத்திரை. காலை அறைகளில் மட்டும் ஐந்து மாத்திரைகள் நெருக்கியடித்துக் கிடந்தன. தைராய்டு, கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், இரும்புச்சத்து ஆகியவற்றோடு, மருத்துவர் சீட்டில் இல்லாத கால்சியம் மாத்திரை ஒன்றும் இருந்தது. மூட்டுவலிக்காக அவராகவே வாங்கியது அது. மறந்துவிடக் கூடாது என்பதற்காக, ஐந்தையும் காலை ஆறரை மணிக்குப் பால் காபியோடு ஒரே மடக்கில் விழுங்கிவிடுவதாகச் சொன்னார். அந்தப் பையிலேயே பாதி தீர்ந்த இனிப்பு பிஸ்கட் பொட்டலமும் இருந்தது. “படபடப்பு வந்தால் நான்கைந்து சாப்பிடுவேன், சரியாகிவிடும்” என்றார்.

அவருடைய கஷ்டங்களுக்கான விடையில் பெரும்பகுதி அந்த மேசைமேல் இருந்தது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், உணவுக்கும் காபிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ளப்பட வேண்டியது. கால்சியமும் இரும்பும் அதை உடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால், அவற்றுக்கும் அதற்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி தேவை. காபியிலும் தேநீரிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன, கால்சியமும் அவ்வாறே. ஆகவே மாத்திரையின் அளவை எவ்வளவு கூட்டினாலும், இந்த ஏற்பாட்டில் தைராய்டும் ஹீமோகுளோபினும் சீராவது கடினம்.

கிளிமெபிரைடு வேறு வகையில் கவலை தந்தது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் அந்த மருந்து, ஆள் சாப்பிட்டாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. அதனால்தான் நாளின் முதல் முக்கிய உணவோடு அதை உட்கொள்ளச் சொல்கிறோம். இவர் ஆறரை மணிக்கு அதை விழுங்கிவிட்டு, ஒரு மணி வரை காபியைத் தவிர எதுவும் சாப்பிடாமல் இருந்தார். முற்பகல் படபடப்புக்கு வயது காரணமாக இருக்கலாம். ஆனால் சர்க்கரை தாழ்ந்துபோவதுதான் காரணம் என்பதற்கான வாய்ப்பே அதிகம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தும், காலை வெறும் வயிற்றில் மட்டுமே பார்த்துவந்ததால் இது யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு வாரப் பதிவு

உணவை உடனே மாற்றச் சொல்லவில்லை. காரணம், தாழ்சர்க்கரை வருகிறவரிடம் உணவைக் குறைக்கச் சொல்வது ஆபத்து. கூட்டச் சொல்வதற்கும் முன்பு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். படபடப்பு வரும்போதெல்லாம் விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துக் குறித்துவைக்குமாறும், சில நாட்கள் உணவுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்குமாறும் கேட்டுக்கொண்டேன். 70-க்குக் கீழே போனால் பிஸ்கட்டுக்குப் பதிலாக 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பிஸ்கட்டில் உள்ள மாவும் கொழுப்பும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதத்தில் பயந்துபோய் மேலும் மேலும் சாப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் 250-ஐத் தொடுவது வழக்கமாக நடக்கிற ஒன்று.

மூன்றாம் நாளே தொலைபேசியில் அழைத்தார். பதினொன்றே கால் மணிக்கு மீட்டர் 58 காட்டியிருந்தது. அன்றே மருத்துவரிடம் பேசினேன். அவர் கிளிமெபிரைடை 1 மில்லிகிராமாகக் குறைத்து, காலை உணவோடு மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று மாற்றி எழுதினார். சர்க்கரை அதிகம் என்று அனுப்பப்பட்ட ஒருவருக்கு மருந்தைக் குறைப்பது முரணாகத் தோன்றலாம். இந்த முடிவுக்கு மருத்துவர் தயங்காமல் வந்ததற்குக் காரணம், நேரம் குறித்த பதிவு கையில் இருந்ததுதான்.

இரண்டு வார முடிவில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது, சராசரி ஏறத்தாழ 155 மில்லிகிராம் வந்தது. எச்பிஏ1சி 8.4 என்றால் சராசரி சுமார் 195 இருந்திருக்க வேண்டும். மீட்டர் எல்லா நேரத்தையும் பிடித்துவிடாது என்றாலும் இந்த இடைவெளி மிகப் பெரியது. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் உயிர்வாழ்கின்றன. அவற்றில் படியும் சர்க்கரையைத்தான் எச்பிஏ1சி அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகையில் அந்த எண் உண்மை நிலையைவிட உயர்ந்து தெரிவதுண்டு; வைட்டமின் பி12 குறைபாட்டிலும் அப்படியே. நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குப் பி12 குறையக்கூடும் என்பதும் அறிந்ததே. இந்த ஐயத்தை எழுத்தில் மருத்துவருக்குத் தெரிவித்தேன். அவர் செய்யச்சொன்ன பரிசோதனையில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம், பி12 160 பிகோகிராம் என்று இரண்டுமே தாழ்ந்திருந்தன. சிவப்பணுக்களைச் சாராத ஃப்ரக்டோசமைன் பரிசோதனையின் முடிவு, எச்பிஏ1சியைவிட மீட்டர் பதிவுக்கே நெருக்கமாக இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருந்தின் அளவு, பி12 ஊசி, மகளிர் மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை மருத்துவரின் முடிவுகள். மாத்திரைகளுக்கான நேர ஒழுங்கை அவர் ஒப்புதலோடு நான் வகுத்தேன். எழுந்தவுடன் ஐந்தரை மணிக்குத் தைராய்டு மாத்திரை, தண்ணீரோடு மட்டும். ஏழரைக்குக் காலை உணவு. அதோடு கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும். பதினொரு மணிக்கு இரும்பு மாத்திரை, வைட்டமின் சி உள்ள பழம் ஒன்றோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காபி கிடையாது. இரவு உணவோடு மெட்ஃபார்மின். வயிற்று எரிச்சலால் இரும்பு மாத்திரையை அவர் அவ்வப்போது விட்டுவிட்டதும் தெரியவந்ததால், மருத்துவர் அதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார். இடைவெளி விட்டு எடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கிடைக்கும் இரும்பின் விகிதம் கூடுகிறது. கால்சியம் மாத்திரையை நிறுத்தி, அந்தத் தேவையைப் பால், தயிர், கீரை வழியாக ஈடுசெய்வது என்று முடிவானது.

உணவில் முதலில் சேர்த்தோம். நீக்குவதைப் பிறகு வைத்துக்கொண்டோம். அவருடைய உணவுப் பதிவைக் கணக்கிட்டபோது நாளொன்றுக்கு 35 கிராம் புரதமே கிடைத்துவந்தது. 68 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அடிப்படை அளவில் பார்த்தாலே 54 கிராம் வேண்டும். காலையில் முட்டையோ, பயறு வகையோ, தயிரோ ஏதாவது ஒன்றைத் தானிய உணவோடு சேர்த்துச் சாப்பிடச் சொன்னேன். மாலை நாலரை மணிக்குச் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி கொட்டைகள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம் என்பதைக் கண்ணளவாக வைத்துக்கொள்ளச் சொன்னேனே தவிர, கலோரி எண்ணச் சொல்லவில்லை. பழத்தை விலக்கவில்லை. ஏற்கெனவே மூன்று பட்டியல்களால் களைத்துப்போனவருக்கு நான்காவதாக ஒன்றை அச்சடித்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி முதல் மாதத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பகலில் பட்டினி கிடப்பவரிடம் இரவில் அடக்கமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. காலை உணவும் மாலைச் சிற்றுணவும் நிலைபெற்றால் இரவுப் பசி தானாகத் தணியும் என்று எதிர்பார்த்தேன். எடைக் குறைப்புக்கும் முதல் மூன்று மாதங்களில் இலக்கு எதுவும் வைக்கவில்லை.

இடையில் வந்த தடங்கல்

மூன்றாம் வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 148, 156 என்று ஏறியது. கிளிமெபிரைடு குறைந்ததும், இரவுச் சாப்பாடு இன்னும் குறையாததும் சேர்ந்த விளைவு இது. அவர் பயந்துபோனார், யாரிடமும் சொல்லாமல் நான்கு நாட்கள் காலை உணவை மறுபடி விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் முற்பகலில் மீட்டர் 64 காட்டிய பிறகுதான் அழைத்தார்.

அந்தச் சந்திப்பில் புதிய அறிவுரை எதையும் தரவில்லை. அவருடைய பதிவேட்டையே எடுத்து, காலை உணவு சாப்பிட்ட நாட்களை ஒரு நிற மையாலும், சாப்பிடாத நாட்களை இன்னொரு நிற மையாலும் அவரையே வட்டமிடச் சொன்னேன். சாப்பிடாத நாட்களில் முற்பகல் எண் தாழ்ந்தும், அதே இரவின் எண் 230-க்கு மேல் போயும் இருப்பதை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். காலையில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் என்ற அச்சத்தை என் விளக்கங்களால் நீக்க முடிந்திருக்காது. அவருடைய கையெழுத்தில் இருந்த எண்கள் அதை நீக்கின. இரவு உணவுக்குப் பின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதை அன்று சேர்த்துக்கொண்டோம். வெறும் வயிற்று எண் சில வாரங்கள் 140-களில் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரும் அவரிடம் நேரில் சொன்னார். இருவரும் ஒரே பேச்சைப் பேசியது அவருக்குத் துணிவு தந்தது.

மூன்றாவது சந்திப்புக்குக் கணவரும் வந்தார். வீட்டில் இரவுச் சமையல் அவருடையது என்பது அப்போதுதான் தெரிந்தது. காய்கறியின் அளவை இரட்டிப்பாக்கி, பருப்பைக் கெட்டியாகச் சமைப்பது என்ற இரண்டு மாற்றங்களை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார். இரவுத் தானியத்தின் அளவு இரண்டாம் மாத முடிவில், யாரும் சொல்லாமலே, முன்பிருந்ததில் பாதியளவுக்கு வந்திருந்தது.

விளைவுகள்

முதலில் மாறியது தைராய்டு. எட்டாம் வாரத்தில் டிஎஸ்எச் 9.2-இலிருந்து 0.3-க்கு இறங்கிவிட்டது, அதாவது, இதுவரை பாதி வீணாகிக்கொண்டிருந்த 100 மைக்ரோகிராம் முழுமையாக உடலில் சேர்ந்ததும் அது தேவைக்கு அதிகமாகிவிட்டது. மருத்துவர் 75-க்குக் குறைத்தார். ஆறாம் மாதத்தில் 2.1 இருந்தது. மாத்திரை நேரத்தை மாற்றும்போது ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மறு பரிசோதனை கட்டாயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஹீமோகுளோபின் மூன்றாம் மாதத்தில் 11.8, ஆறாம் மாதத்தில் 12.7; ஃபெரிட்டின் 38. மகளிர் மருத்துவரின் ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி இருப்பது தெரிந்து, சிகிச்சையால் இரத்தப்போக்கு குறைந்தது. அந்த இழப்பு தொடர்ந்திருந்தால், உணவிலும் மாத்திரையிலும் சேர்த்த இரும்பு போன வழியே போயிருக்கும். பி12 ஊசிகளுக்குப் பிறகு அந்த அளவும் சீரானது.

நான்காம் மாதத்தில் கிளிமெபிரைடு முற்றிலும் நிறுத்தப்பட்டது. எச்பிஏ1சி ஆறாம் மாதத்தில் 7.0, ஒன்பதாம் மாதத்தில் 6.8. இந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். 8.4-இலிருந்து 6.8-க்கு வந்தது முழுவதும் உணவு மாற்றத்தின் பலன் என்று நான் சொல்ல மாட்டேன். இரத்தசோகை தீர்ந்து புதிய சிவப்பணுக்கள் வந்ததும் எண் தன் உண்மையான இடத்துக்கு இறங்கியதும் அதில் அடங்கும். மீட்டர் சராசரியை எடுத்துக்கொண்டால், 155-இலிருந்து 146-க்குத்தான் வந்திருக்கிறது. ஆனால் ஏற்ற இறக்கம் வேறு கதை சொல்கிறது. முன்பு ஒரே நாளில் 58-க்கும் 260-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்த அளவு, இப்போது பெரும்பாலும் 95-க்கும் 180-க்கும் இடையே நிற்கிறது. ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு 70-க்குக் கீழே ஒருமுறைகூடப் போகவில்லை. அவர் உடலால் உணர்ந்த மாற்றம் இதுதான். எடை 68-இலிருந்து 64.5 கிலோவாகக் குறைந்ததை மகிழ்ச்சியோடு சொன்னாலும், “பதினொரு மணிக்குக் கை நடுங்காமல் பேனா பிடிக்கிறேன்” என்று சொன்னபோதுதான் அவர் குரல் மாறியது.

அடுத்து மாற்ற வேண்டியவை

இந்த நிகழ்வுக்குப் பின், எங்களிடம் அனுப்பப்படும் நோயாளிகளுக்கான பரிந்துரைப் படிவத்தில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. என்ன மாத்திரை என்பதோடு, எத்தனை மணிக்கு, எதோடு சேர்த்து உட்கொள்கிறார், சீட்டில் இல்லாமல் தாமாக வாங்கிச் சாப்பிடுவது என்ன என்பவையும் அதில் கேட்கப்படுகின்றன. நீரிழிவோடு இரத்தசோகையும் இருப்பவர்களிடம் எச்பிஏ1சியை மீட்டர் பதிவோடு ஒப்பிடாமல் மருந்தை உயர்த்துவதில்லை என்று மருத்துவரும் நானும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். மெட்ஃபார்மின் நெடுங்காலம் எடுப்பவர்களின் பி12 அளவை அவ்வப்போது பார்ப்பதும் வழக்கமாகியிருக்கிறது. சமைப்பவர் யார் என்ற கேள்வி முதல் சந்திப்புக்கே நகர்ந்துள்ளது. மருந்து குறைக்கப்படும்போது சில வாரங்கள் எண்கள் ஏறக்கூடும் என்பது வாய்மொழியாக அல்லாமல் எழுதித் தரப்படுகிறது.

ஆலோசனை நாடுபவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உணவு ஆலோசனை தருகிறேன் என்று சொல்லிக்கொள்ளப் பல நாடுகளில் தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆகவே உணவியல் படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் உள்ளவரா என்று தயங்காமல் கேளுங்கள். போகும்போது எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். குளுக்கோமீட்டரையும், கடைசி ஓராண்டு அறிக்கைகளையும்கூட. உங்கள் மாத்திரைகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் உணவுப் பட்டியலை நீட்டுகிறவரிடம் மறுமுறை போகத் தேவையில்லை. அதேபோல, மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும் போகாதீர்கள்.

இவர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். மூட்டுவலி முழுமையாகத் தீரவில்லை. அதற்கான உடற்பயிற்சிக்கு இயன்முறை மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனை பாக்கி இருந்தது. அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது. நார்க்கட்டியை மகளிர் மருத்துவர் தொடர்ந்து கவனித்துவருகிறார். ஃபெரிட்டின் மறுபடி இறங்குகிறதா என்பதை அடுத்த பரிசோதனையில் பார்த்த பிறகே இரும்பு மாத்திரையை நிறுத்துவது பற்றி முடிவு செய்யப்படும்.